நாம் கட்டும் வீட்டின் உள்ளே
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசவே நம்மை அழைத்தனர். ஆயினும், கழகம் இவ்வாண்டு படிப்பகம் ஒன்றைக் கட்ட முனைந்திருக்கும் வேளையில், அதன் கூரையும் சுவரும் எப்பொருளால் அமைய வேண்டும் என்பதைப் பேசுவதே பொருத்தம் எனக் கருதினோம். நம் பிள்ளைகள் நாள்தோறும் மாலையில் மூன்று மணி நேரம் மூச்சு வாங்கப்போகும் இடம் அது.

முதலில் ஒரு மனத்தடையைத் தீர்த்துக்கொள்வோம். மண், சுண்ணாம்பு, ஓடு என்று எவரேனும் எடுத்துரைத்தால் நம்மவர் முகம் சுளிக்கின்றனர். அதில் நியாயம் உண்டு. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளுள், வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது என்பதும் ஒன்று. ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரியின் நூலில் அப்பட்டியலைக் காணலாம். அத்தகைய விதிக்கு ஆட்பட்டிருந்தோரின் வழிவந்தவரிடம் ஒருவர் வந்து மண்வீட்டின் குளிர்ச்சியைப் புகழ்ந்தால் சினம் எழாமல் என் செய்யும்? ஆகவே, குடிசைக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. உறுதியான வீடு நம் உரிமை. அவ்வுறுதியின் பெயரால் நம் தலைக்குமேல் வந்தமர்ந்தது என்ன என்பதே நம் கேள்வி.

பல வீடுகளில் வந்தமர்ந்தது கல்நார்த் தகடு. ஆஸ்பெஸ்டாஸ் என்றும் சிமெண்ட் ஷீட் என்றும் நாம் வழங்குவது அதுவே. ஓலைக்கூரை தீப்பற்றி எரிந்ததைக் கண்ணாற் கண்ட நம் பெற்றோர்க்கு அது ஒரு விடுதலையாகவே தோன்றியது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அத்தகட்டில் சிமெண்டோடு கலந்திருப்பது கல்நார் என்னும் கனிமத்தின் நுண்ணிழை. தகட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் அவ்விழை காற்றில் கலக்கிறது. கண்ணுக்குப் புலப்படாது, நுரையீரலில் தங்கினால் எளிதில் வெளியேறாது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் புற்றுநோயும் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதனைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் விற்பனை தொடர்கிறது. கல்நார் ஆலைத் தொழிலாளரின் உடல்நலம் அவர்தம் வாழ்வுரிமையின் பகுதி என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகட்டின்கீழ் உறங்குவோரைப் பற்றிய கவலை நம்முடையதாகவே நிற்கிறது.

நாம் இளம் ஆசிரியராய்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில், மின்கம்பி கொண்டுசெல்ல இத்தகைய கூரையில் துளையிட்டனர். மேசைகளின்மேல் வெண்தூள் படிந்தது. மாணவரை அழைத்துத் துடைப்பத்தால் கூட்டச் செய்தோம். அன்று நாம் அறியோம். அறிந்த நாள்முதல் அப்பிள்ளைகளின் முகங்கள் நம் நினைவை விட்டு அகலவில்லை.

இதைக் கேட்டு இன்றிரவே வீட்டுக்கூரையைப் பெயர்க்க முனைய வேண்டா. உடையாத தகடு, தொடாத வரையில், பெருந்தீங்கு செய்வதில்லை. அறுப்பதும் தேய்ப்பதும் கூடாது. விரிசல் கண்டதை நீர் தெளித்து நனைத்து, முழுதாகவே கழற்ற வேண்டும்.

இனிச் சுவர். நம் இளைஞருள் பெயிண்டரும் கொத்தனாரும் மிகுதி. ஒரு வீட்டின் நஞ்சு அவ்வீட்டாரைச் சேருமுன் இவர்களைச் சேர்ந்துவிடுகிறது. எனாமல் பெயிண்டின் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் பச்சையும் நெடுங்காலம் ஈயத்தால் ஒளி பெற்றவை. குழந்தையின் மூளையைக் குன்றச் செய்வது ஈயம். அதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை. 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்பது சட்டம். அதற்கு முன் பூசிய கதவும் சன்னலும் அப்படியே இருக்கின்றன அல்லவா? அவற்றை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்ப்பதே நம் தம்பிமார் வழக்கம். நனைத்துத் தேய்க்க வேண்டும். முகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குச் சென்று குழந்தையைத் தூக்கலாகாது.

படிப்பகச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும் என்பது நம் கருத்து. கற்சுண்ணாம்பை நீற்றி, ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது பசை கூட்டி அடித்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது மீண்டும் கல்லாய் இறுகுகிறது. காரத்தன்மையால் பூஞ்சணம் எளிதில் அண்டாது. சுவரின் ஈரமும் வெளியேறும். நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பெருங்கேடு என்பதை மட்டும் மறத்தலாகாது.

புத்தக அடுக்குகளுக்கு மரத்தூள் பலகை வாங்கலாம் என்று சிலர் கூறினர். அப்பலகையின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடே புதுப்பலகை அறையில் கண்ணை எரியச் செய்வது. அது புற்றுநோய் விளைவிப்பது என 2004இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. வேப்பம்பலகையோ இரும்பு அடுக்கோ இருக்க, அது எதற்கு?

செலவு கூடுமே என்பீர்கள். கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் செங்கல்லைக் குத்துநிலையில் வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். அதனால் செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். வெயிலும் எளிதில் உட்புகாது. கான்கிரீட் தளத்தின் அடிப்புறத்தில், சுமை தாங்காத இடங்களில் மங்களூர் ஓட்டைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும்; தளமோ மாடிவீட்டின் தளமே! நம் கொத்தனார்கள் இருவரேனும் இக்கட்டுமுறைகளைக் கற்றுவரக் கழகம் வழிச்செலவு தருதல் வேண்டும்.

இறுதியாக, கழகத்தின் பழைய கொட்டகையிலிருந்து இறங்கப்போகும் தகடுகள். அவற்றைப் பாலிதீன் தாளில் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை வினவி, அவர்கள் காட்டும் இடத்தில் ஒப்படைப்போம். கோழிக்கூட்டுக்கும் குளியல் மறைப்புக்கும் அவற்றைக் கேட்டு ஏற்கெனவே மூவர் நம்மிடம் வந்துள்ளனர். மூவரும் நமக்கு வேண்டியவர்கள். இல்லை என்று சொல்லும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.