மூளை காத்திருப்பதில்லை



ருமேனியாவில் 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, அரசு விடுதிகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பால் புட்டி கிடைத்தது. தூக்கிக் கொஞ்சத்தான் ஆளில்லை.

சார்லஸ் நெல்சன் குழுவினர் பிறகு அங்கே 136 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். 2 வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களின் மூளை மின்னலைகள் 8 வயதில் மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே இருந்தன. தாமதமாகப் போனவர்களுக்கு அப்படி அமையவில்லை. எலிகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பால்குடி மறந்ததும் 2 வாரம் தனியே அடைக்கப்பட்ட குட்டிகளின் முன்மூளையில் நரம்பிழைகளைச் சுற்றும் உறை சரியாக வளரவில்லை. பிறகு கூட்டத்தோடு விட்டபோதும் அவை மற்ற எலிகளை நெருங்கிப் பழகவில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கொரு பயம். சேரிப் பிள்ளைகளுக்கு மூளையில் குறை என்று நாளை ஒருவன் இதைத் திருப்பிப் பேசுவான். (பேசாமல் இருப்பானா?) அவனுக்குச் சொல்லுங்கள்: சதாரா பள்ளியில் சாக்குத்துணி மேல் தனியே உட்கார வைக்கப்பட்ட சிறுவன்தான் அம்பேத்கர். அந்தச் சாக்கைப் பள்ளிப் பணியாளர்கூடத் தொடமாட்டார். சிறுவனே தினமும் சுமந்து போய்வர வேண்டும். ஆனால், அவருக்கு வீடு இருந்தது, தந்தை இருந்தார். ருமேனியக் குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் ஒதுக்கப்படும் பிள்ளையைப் பார்த்து, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார்களே, அதைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஜூனில் பள்ளி திறந்ததும் உங்கள் ஊர் அங்கன்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் போங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள்.