கையெழுத்துப் போடுமுன்
(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

தொழிற்சாலைகளில் 'ஒர்க் பர்மிட்' என்றொரு தாள் உண்டு. வெல்டிங், உயரத்தில் வேலை, தொட்டிக்குள் இறங்குவது, எதுவானாலும் அதில் கையெழுத்து விழாமல் வேலை தொடங்கக் கூடாது. நம் வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. (சார் கோபித்துக்கொள்ளக் கூடாது!)

1988 ஜூலை 6. வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் சேஃப்டி வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். அன்றைக்குள் மாட்ட முடியவில்லை; அந்த இடத்தைத் தகட்டால் மூடி வைத்தார்கள். வால்வுக்கு ஒரு பர்மிட், பம்ப் பராமரிப்புக்கு வேறொரு பர்மிட். இரவில் மற்ற பம்ப் நின்றுபோக, இதை ஓட்டினார்கள். வால்வு இல்லாத சேதி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. 167 பேர் மாண்டார்கள். பர்மிட் இருந்தது, கையெழுத்தும் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்ய பர்மிட் கொண்டு வந்தார்கள்.

"ஆக்சிஜன் பார்த்தாச்சா?"

"காலையிலேயே பார்த்தாச்சு சார், 20.9."

நாற்காலியை விட்டு எழாமலே கையெழுத்துப் போட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு கான்ட்ராக்ட் மேஸ்திரி அண்ணன் வந்து நின்றார். "சார், நைட்ரஜன் லைன்ல வால்வைத்தான் மூடியிருக்காங்க, தகடு போடலையே. இன்னொரு வாட்டி மீட்டர் விட்டுப் பாருங்க."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். போனேன். மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினோம். 11. மூடிய வால்வு கசிந்திருக்கிறது. நைட்ரஜனுக்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது, ஆள் அப்படியே சரிந்துவிடுவான். அவனைத் தூக்கக் குதிப்பவனும் கூடவே போவான். பல ஊர்களில் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

மேஸ்திரி அண்ணன் என்னைத் திட்டவில்லை. "இறங்க இருந்தவன் என் தம்பி மகன் சார்" என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் தொட்டிக்கு நேரில் போகாமல் நான் பேனாவைத் திறப்பதில்லை. லைனில் தகடு போட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பேன். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் மீட்டர். சாப்பாட்டு இடைவேளை முடிந்து திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து. இதனால் வேலை தாமதம் என்று என் மேல் புகார் உண்டு. போன மாதம்கூட வந்தது.