கண்மாய்க் காடும் கிராம ஜனங்களும்



காடு என்றதும் ஜனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையையே நினைக்கிறார்கள். மழை குறைந்த செட்டிநாட்டுப் பக்கத்தில் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களும் காடுதான்.

திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் பக்ஷிகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மாரிக்காலத்தில் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் வக்காக்களும் அம்மரங்களில் கூடு கட்டும். தீபாவளியும் அப்போதுதான் வருகிறது. வெடிச் சத்தத்துக்குத் தாய்ப் பக்ஷி எழுந்து பறந்தால் முட்டை குளிர்ந்துபோம். குஞ்சு காக்கைக்கு இரையாகும். ஆகவே கொள்ளுக்குடிப்பட்டியார் பட்டாசு வெடிப்பதில்லை. வருஷத்துக்கொரு நாளென்று காத்திருக்கும் சிறுவர்க்கு இது சிறு தியாகமன்று. வன இலாகாவார் அவர்களுக்கு மிட்டாய் வழங்குகிறார்கள், நல்ல காரியந்தான். ஆயினும் மிட்டாய்க்காக மட்டும் ஓர் ஊர் இத்தனை வருஷம் மௌனமாயிராது.

வேடந்தாங்கலில் பக்ஷிகளைச் சுடலாகாதென்று 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் கிராமத்தாருக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். கேட்டு வாங்கியவர்கள் குடியானவர்களே. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமல்லவா?

மரத்தைக் காக்கச் சொன்னால் அடுப்புக்கு விறகு ஏது, ஆட்டுக்குத் தழை ஏது என்று கேட்பவரும் உண்டு. கேள்வி நியாயமானதே. 1988-ஆம் வருஷத்துத் தேசிய வனக் கொள்கை, காட்டை ஒட்டி வாழ்வோரின் இத்தேவைகளை ஒப்புக்கொண்டது. 1997 முதல் தமிழ்நாட்டில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. இத்தகைய குழுக்களில் ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்கும் ஸ்திரீகளும் உட்கார வேண்டும். வரவு செலவுக் கணக்கை அவர்கள் முன் வாசிக்க வேண்டும். கூட்டத்தைப் பகலில் கூட்டாமல், ஆடுகள் பட்டி திரும்பிய பின் வைத்துக்கொள்ளுதல் நலம்.