கோடைக்கால மின்சாரமும் நமது கடமையும்

(சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி, ஒற்றுமை முதலிய விஷயங்களைப் பற்றி எடுத்துரைக்க நம் சங்கத்தில் அறிஞர் பலர் உளர். மின்சார இலாகாவில் நெடுங்காலம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவனாகிய யான் எனக்குத் தெரிந்த தொழிலைக் குறித்தே பேசத் துணிந்தேன். கோடை வருகிறது. கோடையில் மின்சாரம் நின்றால் நாம் அனைவரும் இலாகாவை ஏசுகிறோம். அது நில்லாதிருக்கும் பொருட்டு எத்தனை மாதங்களுக்கு முன்பிருந்து என்னென்ன ஏற்பாடுகள் நடைபெறுகின்றன என்பதையும், அவ்வேற்பாடுகளில் நம்முடைய பங்கு யாது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, மின்சாரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். நெல் விளைந்தால் குதிரில் கொட்டி வைக்கலாம். பஞ்ச காலத்தில் எடுத்து உண்ணலாம். மின்சாரத்தை அவ்வாறு பெருமளவிற் சேமித்து வைத்தல் எளிதன்று. நீங்கள் விசிறியின் விசையைத் தட்டும் அந்தக் கணத்திலேயே, எங்கோ ஒரு யந்திரம் அதற்கு வேண்டிய சக்தியைப் பிறப்பித்தாக வேண்டும். நமது தேசத்தில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில் ஓடுகிறது. தேவை மிகுந்து உற்பத்தி குறைந்தால் அச்சுழற்சி தாழ்கிறது. அது அளவு கடந்து தாழ்ந்தால், யந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகி, நாடே இருளில் மூழ்கும். 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின்தொடர் அறுந்து பல மாகாணங்கள் இருளடைந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆகையால் ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைக் காட்டிலும், மிகவும் நெருக்கடியான அந்த ஒரு மணி நேரத்திற்கு எவ்வளவு வேண்டும் என்பதே இலாகாவின் பெருங்கவலையாகும்.

1932-இல் பைக்கரா நீர்மின் நிலையம் தொழிற்படத் தொடங்கிய காலத்தில், மாலையில் விளக்கேற்றும் நேரமே வீடுகளுக்குரிய நெருக்கடி நேரம். இன்றைய நிலை வேறு. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2023 ஏப்ரல் 20-ஆம் தேதி 19,387 மெகாவாட்டாக இருந்தது. அடுத்த ஆண்டு, 2024 மே 2-ஆம் தேதியன்று, 20,830 மெகாவாட்டாக உயர்ந்தது. இவ்வுயர்வுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, வீடுதோறும் வந்துவிட்ட குளிர்சாதனமே.

இங்கே இயற்கையும் நம்மைச் சோதிக்கிறது. காற்றாலைகளில் நமது மாகாணம் சிறப்புற்றது. எனினும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே வீசும் பெருங்காற்று வைகாசியையொட்டித்தான் வலுக்கிறது. வெப்பமோ பங்குனியிலேயே முற்றிவிடுகிறது. இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள கமுதியில் 648 மெகாவாட் சக்தியுள்ள சூரியமின் நிலையம் 2016-இல் அமைந்தது. அதுபோன்றன பல உள. பகல் நெருக்கடியைச் சூரிய பகவான் தாங்குகிறார். ஆனால் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக் கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தை ஓட்டும் நேரத்தில் அவர் மேலைக் கடலில் மறைந்துவிடுகிறார். காற்று இன்னும் வரவில்லை, சூரியன் சென்றுவிட்டான். அந்த இரவின் முற்பகுதிக்காகவே ஏற்பாடுகள் யாவும் நடைபெறுகின்றன.

அவ்வேற்பாடுகள் மழைக்காலத்திலேயே தொடங்குகின்றன. சென்ற கோடையின் தேவை, பெருகிய இணைப்புகள், வெப்பத்தைப் பற்றிய முன்னறிவிப்பு, தேர்வுகளும் பண்டிகைகளும் வரும் நாட்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, ஒவ்வொரு மாதத்தின் உச்சத் தேவையையும் முன்கூட்டியே மதிப்பிடுகின்றனர். தேவை குறைந்துள்ள குளிர்காலத்தில் அனல்மின் நிலையங்களின் கொதிகலன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பழுது பார்க்கின்றனர். கோடை பிறந்தபின் ஒரு யந்திரம் பழுதாவது, அறுவடைக் காலத்தில் உழவனுக்குக் காய்ச்சல் வருவதை ஒக்கும்.

யந்திரம் செம்மையாயிருந்தால் மட்டும் போதுமா? நிலக்கரி வேண்டும். ஒரிஸ்ஸாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய கரி, ரயிலேறிப் பாரதீப் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. புயலோ, ரயில் நெருக்கடியோ குறுக்கிட்டால் வரவு தடைப்படும். ஆகவே கோடைக்கு முன்பே கரி முற்றங்களில் பல நாட்களுக்கு வேண்டிய கையிருப்பைச் சேர்த்தல் அவசியமாகிறது.

அடுத்தது தண்ணீர். நீர்மின் யந்திரம் சில நிமிஷங்களில் முழுவேகம் பெறும். அனல்மின் யந்திரத்திற்குப் பல மணி நேரம் செல்லும். ஆதலின் நீலகிரி அணைகளின் நீரை இல்லத்தரசி பொங்கலுக்கென வைத்த நெய்யைப் போலச் சிக்கனமாகக் காத்து, மாலை நெருக்கடிக்கென்று பயன்படுத்துகின்றனர். ஆனைமலையிலுள்ள காடம்பாறை நிலையம் இன்னும் வியப்பானது. மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு இறைத்து வைத்துப் பின்னர் வேண்டும்பொழுது அதனையே கீழே பாயவிட்டு 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். மின்சாரத்தைக் குதிரில் வைக்க இயலாது என்றேன். மலைமேல் நீராக ஏற்றி வைக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

இவற்றாலும் குறை தீராவிடில், கடனும் விலையும் உண்டு. மாசி முதல் வைகாசி வரைக்கென்று பிற உற்பத்தியாளரிடம் முன்னதாகவே விலை பேசி மின்சாரம் வாங்குகின்றனர். வட மாகாணங்களோடு கைமாற்று முறையும் நடைபெறுகிறது. நமக்குச் சித்திரையில் நெருக்கடி. அவர்களுக்கு ஆனி, ஆடியில் நெருக்கடி. அவர்கள் கோடையில் நமக்குத் தந்த மின்சாரத்தை, நம்மிடம் காற்று பெருகும் காலத்தில் நாம் திருப்பித் தருகிறோம். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தொடர் வழியாகத் தென்னிந்தியா தேசிய மின்தொடரோடு ஒன்றாயிற்று. அதன்பின் இக்கொடுக்கல் வாங்கலுக்கு வழி விரிந்தது.

சகோதரர்களே! இவ்வளவு தூரம் கடந்து வந்த மின்சாரம் கடைசியில் நமது தெருமுனையை அடைகிறது. அங்கே ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. தால்சேர்க் கரியும் நீலகிரி நீரும் செய்த உதவி அனைத்தும் பயன்படுவதும் பாழாவதும் அதன் கையில் இருக்கிறது. கோடைக்கு முன் ஊழியர்கள் அதன் எண்ணெயைச் சோதிப்பர். கம்பிகளில் உரசும் கிளைகளை வெட்டுவர். ஒரு கம்பியில் பளு மிகுந்திருந்தால் மற்றவற்றிற்குப் பகிர்ந்து வைப்பர். தாங்காத இடத்தில் பெரியதொன்றை நிறுவுவர். ஆனால் எந்தத் தெருவில் எவ்வளவு பளு என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? நாம் எழுதிக் கொடுத்த கணக்கைக் கொண்டே பெரும்பாலும் அறிவர். அக்கணக்குப் பொய்யாயின் ஏற்பாடும் பொய்யாகும்.

ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்று ஏறக்குறைய 20 மின்விசிறிகளுக்குச் சமமான பளுவை இழுக்கும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் முழுச் சக்தியும் ஏறக்குறைய அறுபது குளிர்சாதனங்களில் தீர்ந்துவிடும். உள்ளே சூடு 6 முதல் 8 டிகிரி வரை மிகுந்திருக்குமாயின், சுருள்களைக் காக்கும் காகிதத்தின் ஆயுள் பாதியாகும். கோடையில் இரவும் வெம்மையாயிருப்பதால், பகலில் ஏறிய சூடு தணிய அதற்கு அவகாசமும் இல்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசப்பாயிருக்கலாம். எனக்கும் அது கசப்பே. நமது சங்கக் கல்யாண மண்டபம் கட்டப்பட்டபோது விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் மட்டுமே மின்பளு அனுமதி பெற்றோம். பின்னர்ப் பன்னிரண்டு குளிர்சாதனங்களை வைத்தோம். கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்தால் பணம் கட்ட வேண்டுமே என்று வாளாவிருந்தோம். சென்ற ஆண்டு சித்திரை மாதத்து முகூர்த்தமொன்றின் முந்தின இரவு, எட்டரை மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் எரிந்து போயிற்று. மறுநாள் பிற்பகல் வரை அத்தெரு முழுவதும் மின்சாரமின்றிக் கிடந்தது. மண்டபத்தில் மட்டும் ஜெனரேட்டர் ஓடிற்று, விருந்தும் நடந்தது. எதிர்வீட்டில் மூச்சுக்கருவியின் உதவியோடு படுத்திருந்த முதியவரை அவருடைய மக்கள் நாற்காலியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தனர். அவர் பிழைத்தது கடவுள் செயல். விடிய விடியக் கம்பத்தின்மேல் நின்று வேலை செய்த ஊழியரை நம்மவர் சிலர் வாசலில் நின்று வைதனர். காரணம் இன்னதென்று அறிந்தவன் அக்கூட்டத்தில் நான் ஒருவனே. அறிந்தும் பந்தியில் உட்கார்ந்து உண்டேன்; வாய் திறவேன். அவ்விரவில் பேசாததை இன்று பேசுகிறேன்.

ஆகையால் நிர்வாகிகளுக்கு என் விண்ணப்பம் இது: மண்டபத்தின் உண்மையான மின்பளுவை இம்மாதமே எழுதிக் கொடுத்து, உரிய தொகையைச் செலுத்துங்கள். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பளுவையும் அவ்வாறே சரிபாருங்கள். குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதாலும் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய சர்க்கார் நிபுணர்களின் மதிப்பு. தண்ணீர் இறைக்கும் மோட்டாரை மாலை 6 மணிமுதல் 10 மணிவரை நிறுத்தி வைத்துப் பகலில் ஓட்டுங்கள். பழுது பார்க்கும்பொருட்டுப் பகலில் சில மணி நேரம் மின்சாரத்தை நிறுத்துவதாக அறிவித்தால் முகம் சுளியாதீர்கள். கோடை இரவில் அது பலன் தரும்.

நமது சங்கம் நம்மவரின் நலத்திற்காக ஏற்பட்டது, வாஸ்தவம். ஆயினும் ஒரே டிரான்ஸ்பார்மரின்கீழ் வாழும் வீடுகளுக்குள் ஜாதி வேற்றுமை பாராட்ட இயலாது. நாம் மிகையாக இழுத்தால் அயலான் வீடு இருளும். அவன் இழுத்தால் நம் வீடு இருளும். இதனை உணர்ந்து நடப்பதே நம் குலத்திற்குப் பெருமை.