உம் கொட்ட ஓர் ஆள்

(தியாகராய நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

   

'குழந்தைகளின் அறியும் ஆவலும் கருவிகளும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. எதைப் பேசப் போகிறேன் என்பது அவையில் பாதிப் பேருக்குத் தெரியும். பல ஆண்டுகளாகக் கருத்தரங்க மேடையிலும், அது முடிந்து காபி குடிக்கும் இடத்திலும் நாம் போட்டுவரும் சண்டைதான். கணினியையோ செல்பேசியையோ பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், தானே கற்கும் என்பது நண்பர்களில் ஒரு சாரார் கட்சி. அதைப் பிடுங்கி வைத்துவிட்டு நல்ல ஆசிரியரை நிறுத்துங்கள் என்பது மறு சாரார் கட்சி. முதல் கட்சியார் ஒரு சோதனையைச் சான்றாகக் காட்டுகிறார்கள். மறு கட்சியார் அதையே பழிக்கிறார்கள். இருவரும் அதைப் பாதிதான் படித்தார்கள் என்பது என் வழக்கு.

காளிக்குப்பம்

1999-இல் தில்லி கல்காஜியில், தம் நிறுவனத்துச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்தார் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா. சுவரின் அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. யாரும் சொல்லித் தராமலே அங்கிருந்த பிள்ளைகள் அதை இயக்கப் பழகிக்கொண்டார்கள். இது உலகம் அறிந்த கதை. நமக்கு வேண்டியது அதன் பிறகு, காளிக்குப்பம் என்ற சிற்றூரில், தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளை வைத்து அவர் செய்த சோதனை. அவரும் ரீத்து டங்வாலும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2010-இல் வெளிவந்தது. தானாகக் கற்பதன் எல்லை எது என்று தேடுவதாகத்தான் அதன் தலைப்பே இருக்கிறது. 'எல்லை' என்ற அந்தச் சொல்லைக் கணினிக் கட்சியார் ஒரு மேடையிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

மித்ரா வேண்டுமென்றே நடக்காத காரியம் ஒன்றை எடுத்தார். டிஎன்ஏ எப்படித் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்கிறது என்ற உயிரியல் பாடம். அதுவும் ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்குப் பத்திலிருந்து பதினான்கு வயது. ஆங்கிலம் தெரியாது. பாடங்களை மரத்தடிக் கணினியில் ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்து கேட்டால், ஒன்றும் புரியவில்லை என்றார்கள். ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்கி, அந்த மூலக்கூறு தப்பாகப் படியெடுத்தால் பரம்பரை நோய் வரும், அதைத் தவிர வேறெதுவும் விளங்கவில்லை என்றாளாம். இதை அவரே பின்னாளில் ஒரு மேடையில் சொன்னார். தேர்வு வைத்தார். பூஜ்யத்தில் தொடங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு 30 வாங்கினார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் இதே பாடத்தை வகுப்பில் படித்தவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இந்த இடத்தில் கணினிக் கட்சியார் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மீதியை நான் படிக்கிறேன்.

30 போதாது என்று மித்ராவுக்குத் தெரிந்தது. உயிரியல் ஆசிரியர் அந்த ஊரில் கிடையாது. இருந்தவள் பிள்ளைகளோடு எப்போதும் விளையாடிக்கொண்டிருந்த 22 வயதுப் பெண். கணக்கு எழுதும் வேலை அவளுக்கு. இவர்களுக்கு உதவ முடியுமா என்று கேட்டதற்கு, நான் பள்ளியில் அறிவியலே படிக்கவில்லை, நாள் முழுக்க அந்த மரத்தடியில் என்ன செய்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது என்று மறுத்தாள். பாட்டி செய்வதைச் செய் என்றார் மித்ரா. பின்னால் நில், அடேயப்பா என்று வியந்து கேள், அது என்ன என்று கேள், இன்னொரு தடவை செய்து காட்டு என்று சொல். அவள் அதைச் செய்தாள். மதிப்பெண் 50 ஆயிற்று. ஆங்கிலம் சரளமாகப் பேசும் தில்லித் தனியார் பள்ளி மாணவர்கள், தேர்ந்த உயிரியல் ஆசிரியரிடம் படித்து எட்டிய இடம் அது.

கூடுதலாக வந்த அந்த 20 எங்கிருந்து வந்தது? கணினி அதேதான். பாடம் அதேதான். பாடம் தெரிந்தவர் யாரும் ஊருக்குள் வரவில்லை. ஒரு பெண் நின்று கேட்டாள். கணினிக் கட்சியாரின் கணக்கு இங்கே இடிக்கிறது. ஆசிரியர் கட்சியாரும் மகிழ வேண்டாம். அவளுக்குப் பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை, விடையும் தெரியாது. விடை தெரியாததுதான் அவளுடைய பலம் என்பேன். தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பாள். பிள்ளை வாயை மூடியிருக்கும்.

அவள் செய்ததற்குத் தமிழில் பெயர் இருக்கிறது: உம் கொட்டுதல். கதை சொல்லும் பாட்டி, "உம் கொட்டுடா, அப்பத்தான் சொல்லுவேன்" என்பாள். அந்த 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடாவிட்டால் பாட்டு நகராது. இதே தியாகராய நகரில் சிலையாக நிற்கும் கலைவாணர் வில்லடித்ததைக் கேட்ட மூத்தவர்களுக்கு, அந்த 'ஆமா'வில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். சொல்பவரைச் சொல்ல வைப்பது கேட்பவர்தான். காளிக்குப்பத்தில் முறை மாறியது: பிள்ளைகள் கதை சொன்னார்கள், பெரியவள் உம் கொட்டினாள். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர்கள் மறுபடி திரைக்குப் போய்த் தேடினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் விடக்கூடாது. முதல் 30 மதிப்பெண்கூட வெறும் கணினி தந்ததா? இருந்தது ஒரு திரை. முன்னால் பல தலைகள். ஒருவன் விசையைத் தட்ட, நால்வர் தப்பு தப்பு என்று கத்தும் கூட்டம். மரத்தடி முழுக்க மனிதத் தொடர்பு. இந்தச் சோதனையைக் காட்டித்தான் இன்று ஆளுக்கொரு கருவி கொடுக்கலாம் என்கிறார்கள். ஆளுக்கொன்றாகும் அன்றே அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. நண்பர்கள் இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் சொல்லவில்லை.

கருவியே உம் கொட்டும் ஆளைக் கொண்டுவரவும் கூடும். 2009 முதல் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களை ஸ்கைப் வழியே இந்தியப் பிள்ளைகளோடு பேச வைத்தார் மித்ரா. ஆகவே கருவியின் மேல் எனக்குப் பகை இல்லை. திரையின் ஏதோ ஒரு பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

நம் பள்ளிகள்

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து வந்த முறை. 2007-இல் தமிழகம் முழுக்கப் பரவியது. பாட அட்டைகள், எந்தப் பாடத்துக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளை எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்த ஆசிரியர். நான் பார்த்தவரை, பாயில் உட்கார்ந்த ஆசிரியர் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு உயிரோடு இருந்தது. அட்டையை எடுத்துக் கொடுத்து அடுக்கி வைப்பதே வேலையாகிப்போன வகுப்பில் அட்டையும் அழுக்கேறி, பிள்ளையும் சோர்ந்து போயிற்று. அட்டை இரண்டிலும் ஒன்றுதான். 2018-இல் பாடநூலுக்குள் வந்த க்யூஆர் குறியீட்டுக்கும் இதையே சொல்வேன்.

வீடு

பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹியூஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. லண்டனில் நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சைப் பதிவு செய்தார்கள். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரி 26 கேள்வி. மழலையர் பள்ளியில் 2. அதே பிள்ளைகள்தான். பெட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் கண்டதும் இதற்கு உறவு: ஒன்பது மாதக் குழந்தைகள் சீன ஒலிகளை எதிரில் அமர்ந்து பேசிய ஆளிடம் பழகிக்கொண்டன, அதே ஆளைக் காணொளியில் காட்டியபோது பழகவில்லை.

இந்த வட்டாரத்துப் பட்டுக் கடைகளில், அம்மா புடவை பார்க்கும் ஒரு மணி நேரமும் செல்பேசியோடு இருக்கும் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பட்டு எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கும். அதைக் கேட்கும் காது அப்போது பக்கத்தில் இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை

 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தம் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். காளிக்குப்பத்துப் பெண்ணைப் போன்ற 2 லட்சம் பேர். அவர்கள் என்ன பேசினார்கள், எத்தனை முறை விடை சொன்னார்கள், எத்தனை முறை கேட்டார்கள் என்று யாராவது பதிவு செய்ய வேண்டும். அவர்கள் நினைவு மங்குவதற்குள் செய்ய வேண்டும். டிசார்ட் செய்ததைத் தமிழ் வீடுகளில் செய்து பார்க்க வேண்டும். தாத்தா பாட்டி உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிரித்து. ஒரு கணினிக்கு நால்வர், ஒருவருக்கு ஒன்று என இரு வகுப்புகளை ஒப்பிட வேண்டும். கேட்டவுடன் விடை சொல்லும் குரல் கருவிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றிடம் பிள்ளை இரண்டாம் கேள்வி கேட்கிறதா என்று எண்ண வேண்டும். இதில் எதையும் செய்யும் வயது எனக்கு இல்லை. மாநகராட்சிப் பள்ளிகளில் நான் எழுதிய வகுப்புக் குறிப்பேடுகள் வீட்டில் இருக்கின்றன. ஆய்வு மாணவர் யாராவது வந்தால் எடுத்துத் தருகிறேன்.