ஒரு மொழி, பல குடும்பச் சட்டங்கள்



குடும்பச் சட்டத்தில் ஒரு திருத்தம் என்று பேச்செடுத்தால் போதும், "இது காலங்காலமாக வரும் மரபு, இதில் அரசு கைவைக்கலாமா?" என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பதற்குத் தமிழர்களே நல்ல சான்று. மாமன், அத்தை, முறைப்பெண் என்று ஏறக்குறைய ஒரே உறவுமுறையில் வாழ்ந்த நாம் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தின் கீழும், புதுச்சேரியில் வேறொன்றின் கீழும், நாஞ்சில் நாட்டில் இன்னொன்றின் கீழும், கடல் கடந்து மலேசியாவில் மற்றொன்றின் கீழும் மணம் முடித்து, சொத்துப் பிரித்து வந்திருக்கிறோம். மரபுதான் சட்டத்தைத் தருகிறது என்றால் இத்தனை சட்டங்கள் எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில், ஒரு தேவைக்காக, யாரோ எழுதினார்கள். ஆகவே நம்முடைய சட்டமா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. குடும்பம் உடையும் நாளில் அந்தச் சட்டம் யார் கையில் எதை விட்டுவைக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைப் பாருங்கள். மரபுக்கு அதைவிட உறுதியான உதாரணம் சொல்ல முடியாது. ஆனால் அதைத் தொகுத்து 1707இல் எழுத்தில் வடித்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற டச்சு அதிகாரி. உள்ளூர்த் தலைவர்களான முதலியார்கள் 12 பேர் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்ட வலிமை தந்தது. முன்னோர் வழி வரும் முதுசம், மகளுக்கு மணத்தின்போது கொடுக்கும் சீதனம், கணவனும் மனைவியும் வாழும் காலத்தில் சேர்க்கும் தேடியதேட்டம் என்று சொத்தை அது மூன்றாக வகுத்தது. சீதனம் பெண்ணுடைய சொத்தாகவே நின்றது. தேடியதேட்டத்தில் மனைவிக்கும் சரிபாதி உண்டு. வீட்டில் உழைத்தவளுக்கும் ஈட்டியதில் பங்குண்டு என்று அத்தனை காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. நாம் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே தேசவழமையில், சீதனம் வாங்கிய மகள் பெற்றோர் சொத்தில் மறுபடி பங்கு கேட்க முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமான பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்பதற்கே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. அவன் காரணமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டும். சொத்து அவளுடையது, சாவி அவனுடையது. இதில் எது பழைய வழக்கம், எது டச்சுக்காரர் எழுதியது, எது முதலியார்கள் விரும்பியது, எது ஆங்கிலேயர் சேர்த்தது என்று பிரித்துக் காட்டுவது எளிதல்ல. ஒன்று மட்டும் தெளிவு: சரிபார்த்த அந்த 12 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

புதுச்சேரியில் 1819இல் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் வந்தபோது, இந்தியர்களுக்கு அவரவர் வழக்கமே பொருந்தும் என்று விட்டுவிட்டார்கள். 1881இல் வந்த ஆணை, விரும்பியவர் தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு வரலாம் என்றது. துறந்தவர்களில் பலர் சாதி அடுக்கில் கீழே நிறுத்தப்பட்டவர்கள். மரபு எல்லோருக்கும் ஒரேபோல் இனித்திருந்தால் அவர்கள் ஏன் வெளியேறினார்கள்? இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்ற விதிவிலக்கு அந்தச் சட்டத்திலேயே உள்ளது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போக, மனைவி மக்கள் தவித்தார்கள். கவிமணி அந்தத் தவிப்பை 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் பாடினார். திருவிதாங்கூர் அரசு பின்னர் சட்டத்தை மாற்றியது. தாய்வழி என்றாலே பெண்ணுக்கு நன்மை என்று நினைப்பவர்கள் அந்த நூலை ஒருமுறை படிக்க வேண்டும்.

சட்டம் மாறினால் சமூகம் மாறிவிடுமா என்பது அடுத்த மறுப்பு. நியாயமான மறுப்புதான். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய திருத்தம், அதற்கு முன் நடந்த அப்படிப்பட்ட திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் கணவன் மனைவி ஆனார்கள். அங்கே சமூகம் முன்னால் நடந்தது, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. சொத்துரிமையில் கதை நேர்மாறு. பெண்ணுக்குச் சமபங்கு என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகள் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குதாரர் ஆனது 1989இல். அப்போதும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமானவளுக்கு இல்லை. 2005இல் நாடாளுமன்றம் அந்த வேலியை நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் 2020இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆவண எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருக்கும், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்காவோ தங்கையோ கையெழுத்துப் போடுகிறாள், விரல் ரேகை வைக்கிறாள், கேமரா முன் உட்காருகிறாள். பக்கத்தில் அண்ணன் தம்பிகள். எத்தனை சென்ட் நிலம், இன்று என்ன விலை என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியாது. பங்கு கேட்டால் தாய்வீட்டுப் படி மிதிக்க முடியாது, பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் வராது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

பார்த்தீர்களா, சட்டம் தோற்றுவிட்டதே என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1989க்கு முன் கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்குதாரர் என்ற முறையில் அவளிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. இன்று அவள் கையெழுத்து இல்லாமல் அந்த நிலத்தைச் சிக்கலின்றி விற்க முடியாது. உறவு முறியும் என்ற அச்சம் பொய்யில்லை, அந்த இழப்பும் சிறியதில்லை. மனமறிந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகளும் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் இழப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க உதவுவதுதான் வழக்கறிஞரின் வேலை.

எல்லோருக்கும் ஒரே சட்டம் வந்துவிட்டால் இந்தச் சிக்கல்கள் தீரும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் 1982 முதல் முஸ்லிம் அல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே திருமணச் சட்டம். இந்துக்களின் பலதார மணம் அதோடு முடிந்தது. நல்ல பலன். ஆனால் ஈப்போவைச் சேர்ந்த ஓர் இந்துத் தாயின் பிள்ளைகள் மூவரையும், இஸ்லாத்துக்கு மாறிய தந்தை 2009இல் அவளைக் கேட்காமலே மதம் மாற்றினார். குடிமை நீதிமன்றமா, ஷரியா நீதிமன்றமா என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தது. பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதற்குள் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. ஒரே சட்டமோ பல சட்டமோ, எளியவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று எழுதும்போதே தெளிவாகச் சொல்லாத சட்டம் அவரைக் கைவிட்டுவிடும். அளவுகோலை ஒருமைப்பாட்டில் வைப்பதைவிட இங்கே வைப்பது நல்லது.

இன்று சட்டப் பட்டம் பெறும் நண்பர்களே, உங்களில் பலர் சிறு ஊர்களில் அலுவலகம் திறப்பீர்கள். விரைவிலேயே ஒரு விடுதலைப் பத்திரம் உங்கள் மேசைக்கு வரும். எழுதிக் கொடுக்கச் சொல்பவர் பெரும்பாலும் சகோதரராக இருப்பார், கட்டணமும் அவரே தருவார். கையெழுத்துப் போட வந்தவரைத் தனியே உட்காரவைத்து, சொத்து விவரத்தை முழுவதும் படித்துக் காட்டுங்கள். அவருடைய பங்கு எவ்வளவு, இன்றைய மதிப்பு என்ன, பதிவான பிறகு அதை ரத்து செய்வது எவ்வளவு கடினம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். யோசித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று அவர் சொன்னால், அந்த ஒரு நாளை அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.