தலையெழுத்தும் கையெழுத்தும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வினையும் முயற்சியும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எங்களைப் பணித்தனர். சாத்திரம் கற்ற பெரியோர் பேசவேண்டிய பொருள் இது. ஆயினும் வாலிபர் வாயிலிருந்தும் ஒருமுறை கேட்போமே என்று அவர்கள் விரும்பியமையால், எங்கள் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்ல முன்வந்தோம்.

கலவானப் பகுதித் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு சொல் காதில் விழும். பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டால் தலையெழுத்து. கூரைத் தகரம் ஒழுகினால் தலையெழுத்து. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றிக் கேட்டாலும் அதே விடைதான். பிரமதேவர் வேறு வேலையில்லாமல், நம்முடைய தகரத்தில் எந்த இடத்தில் ஓட்டை விழவேண்டும் என்றுகூடவா எழுதிக்கொண்டிருந்தார்?

நம்முடைய சமயம் உண்மையில் என்ன சொல்கிறது? சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது. முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அநுபவிப்பதற்கென வந்தது பிராரத்தம். இப்பொழுது நாம் புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். தலையெழுத்து என்று நம்மவர் சொல்வது இம்மூன்றில் நடுவே நிற்கும் ஒன்றை மட்டுமே. மூன்றாவது ஒன்று உண்டு என்பதையே மறந்துவிட்டோம். நம் கையில் இருப்பதோ அந்த மூன்றாவதுதான். எல்லாம் முன்னமே முடிந்துபோன காரியமாயின் வழிபாடு எதற்கு? விரதம் எதற்கு? மார்க்கண்டேயருக்கு ஆயுள் பதினாறு என்று விதித்திருந்தது. அந்தப் பிள்ளை மூலையில் குந்தியிருந்து யமனுக்காகக் காத்திருக்கவில்லை என்பதைப் புராணம் கேட்ட நாம் அனைவரும் அறிவோம்.

இரத்தினபுரி மாவட்டத்தாராகிய நமக்கு இதை விளங்கிக்கொள்ள ஏடு வேண்டியதில்லை, மாணிக்கக் குழி போதும். குழிக்குள் கல் இருக்கிறதா இல்லையா என்பது எவர் கையிலும் இல்லை. பூமிக்குள் அது என்றோ முடிந்துபோனது. ஆனால் மண்ணை வெட்டுவதும், ஊறுகிற தண்ணீரை இறைப்பதும், இல்லம் என்று சொல்லும் சரளை மண்ணைக் கூடையில் இட்டு அரித்துப் பார்ப்பதும் மனிதனுடைய வேலை. மாதக்கணக்காக வெட்டியும் வெறுங்கையோடு ஏறிவந்தவர்கள் உண்டு. அதை மறைக்கக் கூடாது. முயன்றால் எல்லாம் கிடைத்துவிடும் என்று மேடையில் சொல்வது எளிது, குழியில் இறங்கியவன் அதை நம்பமாட்டான். ஆனால் பக்கச் சுவருக்கு மரம் கொடுத்துத் தாங்காமல் விட்டு, மண் சரிந்து ஓர் உயிர் போய்விட்டால், அதை விதி என்று சொல்லவும் அவன் ஒப்பமாட்டான். கல் கிடைக்காதது விதியாக இருக்கலாம். மரம் கொடுக்காதது விதியன்று.

நிற்க. இதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பிகளா, லயத்துல பொறந்ததே நாம செஞ்ச கருமந்தானே? அதை யார் மாத்த முடியும்?"

இக்கேள்வியைத் தட்டிக் கழிப்பது நியாயமன்று. அவர் ஆயுள் முழுவதும் மலையில் உழைத்தவர். ஆகவே, நம்முடைய மக்களின் தலையில் உண்மையில் எழுதியது யார் என்று சற்றே பார்ப்போம்.

1931இல் வந்த சர்வசன வாக்குரிமையில் தோட்ட மக்களிலும் பலருக்கு வாக்கு இருந்தது. 1947இல் தம்முடைய பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போயிற்று. பின்பு 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு; மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுக்கும் தராசில்கூட அவ்வளவு கணக்காக நிறுப்பதில்லை! இதனால் அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! 1977, 1981, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களின்பின் இம்மாவட்டத்துத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தோரும் பலர்.

பெரியவர் கருமம் என்று சொன்னாரே, அந்தக் கருமத்துக்கு இலக்கமும் ஆண்டும் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அது தலையில் எழுதிய எழுத்தன்று; காகிதத்தில் இட்ட கையெழுத்து. காகிதத்தில் எழுதியதைக் காகிதத்தில் மாற்றலாம். மாற்றியும் இருக்கிறார்கள். 1952இல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அன்று பலன் கிட்டவில்லை. விடாமல் கேட்டார்கள். நாடற்றவர் என்ற பெயர் படிப்படியாகக் குறைந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டு! கேட்கத் தொடங்கியவர்களில் பலர் அதைக் காண இருக்கவில்லை. பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்பதும் ஒரு காலத்தில் மாறாத எழுத்தாகவே இருந்தது. 1984இல் வேலை நிறுத்தம் செய்த பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆயிற்று.

ஆதலால் அந்தப் பெரியவருக்கு நாங்கள் பணிவோடு சொன்னது இது: வினைக் கொள்கை ஒருவன் தன்னை நோக்கிக் கேட்டுக்கொள்வதற்கு உரியது. நான் செய்ததற்கு நானே பொறுப்பு என்று சொல்லும்போது அது சமயம். அவன் துன்பம் அவன் வினை என்று பிறனை நோக்கிச் சொல்லும்போது அது வெறும் கல்நெஞ்சம். பசித்தவனைப் பார்த்து உன் கர்மம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன், சோறு கொடுக்காத தன்னுடைய ஆகாமியத்தை எந்தக் கணக்கில் எழுதுவான்? 2017ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் கலவானப் பகுதி வெள்ளத்திலும் மண்சரிவிலும் அகப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த அனர்த்தத்தில் நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழையை விதி என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். சரிவான இடத்தில் லயம் கட்டுவதும், எச்சரிக்கை வந்தபின்னும் ஆட்களை அங்கேயே இருக்க விடுவதும் மனிதர் தீர்மானம் அல்லவா?

நாங்கள் மிசன் பாடசாலையில் படித்தவர்கள். இந்துக்கள் விதியை நம்பிச் சோம்பியிருப்பவர்கள் என்று கேலி செய்த தோழர்கள் அங்கே உண்டு. வேதபாட வகுப்பிலே, எசமான் மூன்று ஊழியருக்குத் தாலந்து கொடுத்துவிட்டுப் பயணம் போன கதையையும் கேட்டோம். ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று. ஒன்று பெற்றவன் அதை மண்ணில் புதைத்துவைத்தான். திரும்பி வந்த எசமான் உனக்கு எத்தனை கிடைத்தது என்று விசாரிக்கவில்லை. கிடைத்ததைக் கொண்டு என்ன செய்தாய் என்றே விசாரித்தான். நம்முடைய வள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழைப் பற்றி, அதைவிட வலியது வேறில்லை என்னும்படி பேசியவர், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை வைத்து, அயராது உழைப்பவனிடம் விதியும் தோற்கும் என்ற கருத்தைச் சொல்கிறார். ஒருவரே இரண்டையும் சொன்னார். கேலி செய்த தோழர்களுக்கு அதையே பதிலாகச் சொன்னோம்.

இனி, வாலிப நண்பர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. பெரியவர்களைப் பார்த்து விதி விதி என்கிறார்களே என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரசாங்கம், கம்பனி, தொழிற்சங்கம் என்று வேறு சொற்களை வைத்துக்கொண்டு, நாமும் அதே திண்ணையில்தானே உட்கார்ந்திருக்கிறோம்? அவர்கள் செய்ய வேண்டியதை அவர்களிடம் கேட்போம். மேலே சொன்ன வரலாறு முழுவதும் அப்படிக் கேட்டவர்களின் வரலாறுதான். ஆனால் சம்பள நாளில் சாராயத் தவறணைக்குப் போகும் காலை கம்பனி பிடித்து இழுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சியைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போது, வாயை மூடிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடுகிற அண்ணன்மார் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அந்த மௌனமும் ஒரு வினைதான். உயர்தர விஞ்ஞானம் படிக்கத் தமிழ்ப் பாடசாலை தேடித் தூரம் போகவேண்டியிருப்பது நம்முடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையை மறுமுறை உட்கார வைக்காமல், ஏழரைச் சனி முடியட்டும் என்று சாதகத்தை எடுத்துப் பார்ப்பது எதில் சேரும்?

கடைசியாக ஒரு காரியம். நம்முடைய தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது இல்லாமல் அடையாள அட்டை எடுப்பது கடினம். அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்திலும் தொல்லை, வேலைக்குப் போன இடத்திலும் தொல்லை. பாட்டன்மார் ஐம்பத்தைந்து ஆண்டு கேட்டுப் பெற்ற உரிமை, ஒரு படிவம் நிரப்பாமையால் பேரன் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை தொடக்கம், பூசை முடிந்ததும் மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு நாங்கள் நால்வர் இருப்போம். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கான படிவங்களை நிரப்பித் தருவோம். வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர்களின் விபரமும் எடுப்போம். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் துணைக்கு வருவோம். கைநாட்டு வைக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். பாடசாலைப் பதிவு, ஆசுப்பத்திரித் துண்டு, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். பழைய சாதகம் இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பிறந்த திகதியைக் காட்ட அதுவும் உதவக்கூடும்.